போட்ட காசு திரும்பி வராது

கினிகத்தேனையில் இருந்து நுவரெலியா வரை, பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று யார் வாயைத் திறந்தாலும் ஊர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "விக்கிறப்போ லேசா போற வாகனமா பாத்து எடு தம்பி. வாகனத்துல போட்ட காசு எங்கயும் போகாது." மாமா சொல்கிறார், புரோக்கர் சொல்கிறார், லீசிங் கம்பனியில் வேலை செய்யும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் சொல்கிறான். இந்த ஒரு வரியை நம்பித்தான் மலையகத்துக் குடும்பங்கள் இன்று தம் வாழ்நாளின் மிகப் பெரிய கடனில் கையெழுத்திடுகின்றன. எந்தக் கார், எந்த இலக்கத் தகடு, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற எல்லா முடிவுகளும் இந்த நம்பிக்கையில் இருந்தே பிறக்கின்றன. கணக்காகப் பார்த்தாலும் இந்த நம்பிக்கை பிழை. நம் மலைப்பாதையில் வைத்துப் பார்த்தால் ஆபத்தும்கூட.

அது வெறும் கற்பனையில் முளைத்ததும் இல்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த கார்களே சந்தைக்குத் திரும்பத் திரும்ப வந்தன. 2018இல் வாங்கிய வேகன் ஆரை நான்கு வருடம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கும் கூடுதலாக விற்றவர்களை நாம் எல்லோரும் கண்டோம். கண்ணால் கண்டதை ஊர் நம்பியது. அதில் குற்றம் இல்லை.

மலையகத்தில் இந்த நம்பிக்கை மற்ற இடங்களைவிட ஆழமாக வேர் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வாதத்துக்குள் போவது நம் மக்களுக்குச் செய்யும் அநியாயம். 1823இல் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதில் இருந்து கணக்கிட்டு, 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். இந்த இருநூறு ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலானோர் பெயரில் ஒரு துண்டுக் காணி உறுதி இல்லை. லயத்து அறைக்குத் தனி விலாசம்கூடக் கிடையாது. வங்கிக்குப் போனால் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் லீசிங் கம்பனி உறுதி கேட்பதில்லை, வாகனத்தையே ஈடாக எடுத்துக்கொள்கிறது. தன் பெயர் அச்சடித்த ஓர் ஆவணம், விலை மதிப்புள்ள ஒரு பொருள் என்று ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் சொத்து பல வேளைகளில் ஒரு முச்சக்கரவண்டி அல்லது ஒரு சின்னக் கார். நிலம் மறுக்கப்பட்டவர்கள் வாகனத்தில் நிலத்தைக் கண்டார்கள். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காணி துருப்பிடிப்பதில்லை. காணிக்குக் கியர்பெட்டி போவதில்லை. அந்த ஏக்கத்தைக் காட்டி நமக்குக் கார் விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விலை ஏறியது என்கிறார்களே, எது ஏறியது? 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் அந்த ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏறிய அதே ஏற்றத்தில்தான் காரும் ஏறியது. 20 இலட்சத்துக்கு வாங்கிய காரை 40 இலட்சத்துக்கு விற்றவர் கையில் இருந்தது முன்பைவிடப் பெரிய செல்வம் இல்லை, மதிப்புக் குறைந்த ரூபாய்தான். அந்தக் காசைக் கொண்டு மீண்டும் ஒரு காரை வாங்கப் போனால் அதே போன்ற ஒரு கார்தான் கிடைக்கும், சில வேளை அதைவிடப் பழையது. காரை விற்றுவிட்டுப் பேருந்தில் போகத் தயாராக இருந்தவருக்கு மட்டுமே அது இலாபம். தோட்டத்தில் இருந்து பிள்ளையைப் பாடசாலைக்கும் வயதான தாயை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போக வாங்கியவருக்கு அந்த ஏற்றத்தால் ஒரு சதமும் மிஞ்சவில்லை.

இனி, இந்த விலையைத் தீர்மானிப்பது யார்? இந்நாட்டில் ஒரு சின்னக் காரின் விலையில் பெரும் பங்கு வரி. 2015 ஜனவரி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 1,000 சி.சி.க்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தார்கள், விலை இறங்கியது, சின்னக் கார்கள் வந்து குவிந்தன. 2018 ஓகஸ்டில் அதே சின்னக் கார்களின் வரியைக் கூட்டினார்கள், விலை ஏறியது. 2020இல் கதவை மூடினார்கள், விலை இன்னும் உயர்ந்தது. இந்த ஏற்ற இறக்கங்களில் காரின் தரத்துக்கோ உரிமையாளரின் கெட்டித்தனத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் கொழும்பில் ஒரு வர்த்தமானி வெளியானது, அவ்வளவுதான். ஓர் இரவில் ஏற்றிய விலையை இன்னோர் இரவில் இறக்கவும் அவர்களால் முடியும். ஐந்து ஆண்டு லீசிங்கில் கையெழுத்திடுகிறவர் அடுத்த ஐந்து வரவுசெலவுத் திட்டங்களின் மீது பந்தயம் கட்டுகிறார். நட்டம் வந்தால் வீடு வாசலை இழக்காமல் தாங்கக்கூடிய பணக்காரர் அந்தப் பந்தயத்தைக் கட்டட்டும். கொழுந்துக் காசில் தவணை கட்டுகிறவர் கட்டலாமா?

தவணைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 50 இலட்சத்துக்கு ஒரு பழைய வேகன் ஆர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 இலட்சம் கையில் இருந்து, 30 இலட்சம் லீசிங். ஆண்டு வட்டி 15 சதவீதம், 60 மாதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 71,370 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் இரண்டு பேர் ஆளுக்கு 25 நாள் மலை ஏறியிருந்தாலும் 67,500தான் வந்திருக்கும், அதுவும் சந்தாவும் மற்றப் பிடிப்புகளும் போகுமுன்பு. ஆகவே கொழும்பில் வேலை செய்யும் மகன், மத்திய கிழக்கில் இருக்கும் மகள், ஆசிரியராக இருக்கும் மருமகன் என்று குடும்பமே சேர்ந்துதான் இழுக்கிறது. 60 மாத முடிவில் கட்டிய தொகை 42 இலட்சத்து 82 ஆயிரம். கையில் இருந்து போட்ட 20 இலட்சத்தையும் கூட்டினால் 62 இலட்சத்து 82 ஆயிரம். போட்ட காசு திரும்பி வரவேண்டும் என்றால் 50 இலட்சத்துக் கார் ஐந்து வருடம் மலையில் ஓடிய பிறகு 63 இலட்சத்துக்குப் போகவேண்டும். காப்புறுதி, டயர், பற்றரி, பிரேக், வருடாந்த அனுமதிப்பத்திரம் எதையும் இதில் சேர்க்கவில்லை. "போட்ட காசு எங்கயும் போகாது" என்று சொன்ன எவரும் இந்தக் கூட்டலை ஒரு தாளில் எழுதிக் காட்டியதை நான் கண்டதில்லை.

வட்டியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது கம்பனியின் பெயர். சீஸ் பண்ண வருகிறவர்களுக்கு லயத்துக்கு வழி நன்றாகத் தெரியும். மூன்று வருடம் கட்டிய காசும் வாகனத்தோடு போய்விடும்.

இதுவரை பேசியது காசு. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மறுவிற்பனை விலையைப் பார்த்துக் கார் தெரிவு செய்கிறவர் தன் பாதையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

சந்தை கொண்டாடும் கார் எது? ஜப்பான் வேகன் ஆர். நல்ல கார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1993இல் ஜப்பானில் அறிமுகமான இந்த வகை, அந்நாட்டின் நெருக்கமான தெருக்களுக்கும் சிறுகார் வரிச் சலுகைக்கும் அளந்து செய்யப்பட்டது. நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்ஜின் 660 சி.சி.க்குள் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதே சட்டம் இந்த வகைக் காரில் நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்கிறது. எஞ்ஜின் வலு 52 குதிரைவலு. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்ஜின் தன் வலுவிலும் ஏறக்குறைய அதே பங்கை இழக்கிறது. மிஞ்சுவது 43, 44. அதில் நாம் எத்தனை பேர் ஏறுகிறோம்? திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் பெரியவர் ஐவர், மடியில் பிள்ளைகள், பின்னால் ஒரு மூட்டை அரிசி. தலவாக்கலையில் இருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது எஞ்ஜின் கத்துவது யாருடைய குற்றம்?

"அது ஹைபிரிட், மோட்டார் இழுக்கும்" என்று பதில் வரும். இந்த வகையில் இருக்கும் மோட்டார் 2 முதல் 3 குதிரைவலு வரைதான். நின்ற எஞ்ஜினைத் திரும்ப எழுப்பவும், புறப்படும்போது சில நொடி கை கொடுக்கவும் வைத்தது அது. ஏற்றம் முழுவதும் தள்ளிக்கொண்டு வர அதற்குச் சக்தி இல்லை, அதன் சின்ன பற்றரியிலும் அவ்வளவு மின்சாரம் தங்காது. லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்ற ஜப்பான் கணக்கும் உருளையின் மேல் நிறுத்தி, சமதளத்தில் ஓடுவதாகக் கொண்டு எடுத்த கணக்கு. இறம்பொடைக்கும் அந்த எண்ணுக்கும் உறவில்லை. பட்டியில் ஓடும் சி.வி.டி. கியர்பெட்டி நீண்ட ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு போகும்போது சூடாகிறது, அதன் எண்ணெய் சீக்கிரம் கெடுகிறது. கொழும்பில் எண்ணெய் மாற்றாமலே ஓட்டி, கழுவித் துடைத்து இங்கே அனுப்பிய காரில் அந்தப் பெட்டி எத்தனை நாள் தாங்கும்? அதை மாற்றும் செலவில் வட்டியும் முதலுமாக உங்கள் இலாபம் முழுவதும் கரைந்துவிடும்.

ஏற்றத்தில் கார் நின்றுபோனால் பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார், அவ்வளவுதான். இறக்கம் அப்படியில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி இறம்பொடை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவை பெரிய வாகனங்கள். ஆனால் அந்தப் பாதைகள்தான் நம் பாதைகள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஆண்டுக்கணக்கில் மாற்றாத எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி உள்ளே இறங்கும், கார் நிற்காது. ஆண்டின் பாதி மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றியே ஆகவேண்டும். இறக்கத்தில் எஞ்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்கவேண்டும். மெனுவல் காரில் இரண்டாம் கியர், ஓட்டோ காரில் எல். இதைச் சொல்லிக் கொடுக்காமல் ஓட்டோ காரை விற்பவர்கள் நாளை நடக்கப்போவதற்குப் பொறுப்பேற்பார்களா?

விலை நம்பிக்கை பெற்ற இன்னொரு பிள்ளை, மீட்டர் மோகம். "நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, கொழும்பு டொக்டர் பாவிச்ச வாகனம்." மீட்டரைப் பின்னால் திருப்புவது நாடு முழுவதும் அறிந்த தொழில். ஜப்பான் ஏலத்தில் கொடுத்த தரச் சான்றிதழ் இருந்தால் இறக்குமதியான நாளில் அந்தக் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது என்பதை அதில் பார்க்கலாம், அதைக் கேட்கிறவர் நம்மில் எத்தனை பேர்? மீட்டர் உண்மை என்றே வைத்தாலும், நெரிசலில் தினமும் நாலு கிலோமீற்றர் ஊர்ந்த காரைவிட, நல்ல பாதையில் ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய இலட்சம் கிலோமீற்றர் கார் மலைக்கு ஏற்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானின் பனி விழும் வட பகுதிகளில் பாதைக்கு உப்புப் போடுவார்கள். அங்கிருந்து வந்த காரின் அடிப்பாகம் வரும்போதே அரித்திருக்கலாம். 2025 நவம்பர் டித்வா புயலில் கம்பளையிலும் களனி ஆற்றங்கரையிலும் வெள்ளம் புகுந்ததை மறந்துவிடாதீர்கள். தண்ணீரில் நின்ற காரும் பொலிஷ் போட்டால் புதிதுபோலத்தான் இருக்கும். இருக்கையின் அடியில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறும் துருவும் அங்கே ஒளிந்திருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒரு பெயரைச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தார்ப்பாதை ஓரம் வீடு என்றால் ஒழுங்காகப் பராமரித்த வேகன் ஆர் போதும். மேல்பிரிவில் கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறவேண்டியவருக்கு, மெனுவல் கியர் ஆல்டோவோ, பழைய 1,300 சி.சி. ஸ்டார்லட்டோ, சாமான் ஏற்ற இடமுள்ள டிஎக்ஸ் வேகனோ நிசான் ஏடி வேகனோ பொருந்தும். 796 சி.சி. ஆல்டோ வலு குறைந்த கார்தான், ஆனால் அதன் எடையும் 700 கிலோவுக்கு அருகில்தான், கியரும் நம் கையில். ஹட்டன் பாஸ் ஒருவர் அதன் எஞ்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவார், உதிரிப்பாகம் டவுனிலேயே கிடைக்கும். சந்தை இவற்றில் சிலதைக் கிழட்டுக் கார் என்று தள்ளி வைத்திருப்பதால் விலையும் குறைவு. வாங்கும்போதே மிச்சமாகும் பத்து, பதினைந்து இலட்சம் உங்கள் கையில் நிற்கிறது. வேகன் ஆர் தரும் என்று சொல்கிற பத்து இலட்சமோ ஐந்து வருடத்துக்கு அப்பால், வர்த்தமானியின் தயவில் இருக்கிறது.

"பழைய கார் அடிக்கடி கராஜுக்குப் போகும், அந்தச் செலவு?" என்பது நியாயமான கேள்வி. போகும். ஷொக் அப்சோபர், புஷ், பிரேக் பேட், கிளச் பிளேட் எல்லாம் மலையில் சீக்கிரம் தேயும். புதிய காரிலும் தேயும். ஆனால் 71,000 ரூபாய் தவணை இல்லாத வீட்டில் மாதம் பதினையாயிரத்தைக் காருக்கென்று ஒதுக்கி வைக்க முடியும். தவணையில் மூச்சு முட்டும் வீட்டில்தான் பிரேக் பேட் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். பளபளக்கும் காரில் தேய்ந்த டயரோடு நோர்வூட் பாதையில் போகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மழை நாளில் அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பார்க்கும் முறையையும் மாற்றவேண்டும். காரை டவுனுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முற்பணம் கொடுப்பது நம் வழக்கம். அது போதாது. விடியற்குளிரில், எஞ்ஜின் ஆறியிருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். சூடாக்கி வைத்த எஞ்ஜின் தன் நோயை மறைக்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், கூலன்ட் நிறமாக இருக்கிறதா, பீலித் தண்ணீர் ஊற்றித் துருநிறமாகிவிட்டதா? உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையில். அதனால் மலையில் கூலன்டும் இறுக்கமான மூடியும் உயிர்நாடி. ஜப்பான் சின்னக் கார்களில் சூடு காட்டும் முள் பெரும்பாலும் இருப்பதில்லை, ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது தாமதமாகிவிடும். பிறகு நாலு பேரை ஏற்றிக்கொண்டு தலவாக்கலையில் இருந்து நானுஓயா வழியாக நுவரெலியா வரை ஏறுங்கள், அங்கிருந்து இறம்பொடை வரை இறங்குங்கள். இறங்கி முடிந்ததும் சக்கரத்தருகே குனிந்து மணந்து பாருங்கள், மிதி ஆழமாகப் போகிறதா என்று மிதித்துப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு கார் இருக்கிறது. உங்கள் கூட வரும் பாஸ் விற்பவரிடம் கமிஷன் வாங்காதவராக இருக்கட்டும், அவருக்கு அரை நாள் கூலியை நீங்களே கொடுங்கள்.

ஒப்பன் பேப்பரில் மட்டும் வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெறுந்தாளை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் மூன்று கை மாறிய கார்கள் நம் பக்கம் ஏராளம். விபத்து நடந்தாலோ, பழைய உரிமையாளர் இறந்தாலோ, அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பதிவுப் புத்தகத்தில் பழைய லீசிங் தீர்ந்து விடுவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே முழுக்காசையும் கொடுங்கள்.

மலையகத்துக் குடும்பத்துக்குக் கார் ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இரவில் பிரசவ வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பிய ஊர் இது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விடியுமுன் போய்ச் சேர்வதற்கு ஒரு வாகனம் வீட்டு வாசலில் நிற்பது பெரிய காரியம். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். உயிரைக் கொண்டு போக வாங்குகிற பொருளை, விற்கும் நாளை நினைத்துத் தெரிவு செய்யக்கூடாது.

தோட்டங்களில் ஆசிரியர்களாக இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் லீசிங்குக்குப் போகிறது என்று கேள்விப்பட்டால், கையெழுத்துக்கு முன்பு அவர்களோடு உட்கார்ந்து மாதத் தவணையை 60ஆல் பெருக்கி, கையில் இருந்து போடும் காசையும் கூட்டி, வந்த தொகையைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் வேண்டும் என்றால் எடுக்கட்டும். பார்க்காமல் எடுக்க விடாதீர்கள்.